காசி யாத்திரையும் கூட்டுப் பாலமும்: ராஜ்காட் டஃபரின் பாலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொடர்வண்டியும் சாலைப் போக்குவரத்தும் ஒரே கட்டுமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் பாலத்தைக் கூட்டுப் பாலம் எனலாம். காசியில் கங்கையின் குறுக்கே 1887ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டஃபரின் பாலம் இவ்வகையைச் சார்ந்தது. இன்று அது மாளவியா பாலம் எனப்படுகிறது. தமிழகத்திலிருந்து காசிக்குச் செல்லும் யாத்திரை வழியில் கோதாவரிப் பாலமும் (1900) பாம்பன் பாலமும் (1914) தொடர்வண்டிக்கென மட்டுமே முதலில் கட்டப்பட்டன. இம்மூன்று பாலங்களையும் ஒப்புநோக்கி, ஒரு பாலத்தின் தள அமைப்பே அதனைக் கடக்கத்தக்கவர் யார் என்பதைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. யாத்திரைச் சடங்கு, இலக்கியம், வழக்குச் சொற்கள் ஆகியவற்றில் இம்மாற்றம் பதிந்துள்ள விதமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுப் பாலம், டஃபரின் பாலம், காசி யாத்திரை, சேது, பாம்பன், கோதாவரி, உறைகிணறு, பாரதி

முன்னுரை

காசியும் இராமேசுவரமும் தமிழர் சமய வாழ்வில் இணைத்தே எண்ணப்படுவன. சேதுக்கரை மணலை எடுத்துச்சென்று கங்கையில் கரைப்பதும், கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதசுவாமிக்குத் திருமுழுக்காட்டுவதும் இவ்விணைப்பின் சடங்கு வடிவங்களாகும். இந்த யாத்திரையின் இரு முனைகளிலும் நீரைக் கடத்தல் இன்றியமையாதது. தென்முனையில் கடற்கால், வடமுனையில் கங்கை, இடையில் கிருஷ்ணையும் கோதாவரியும் நருமதையும் போன்ற ஆறுகள் எனப் பயணம் முழுவதும் நீர்நிலைகளால் அளவிடப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நீர்நிலைகள் மீது பாலங்கள் எழுந்தன. அவை யாத்திரையை விரைவுபடுத்தின என்பது பலரும் அறிந்ததே. ஆயின் அவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில பாலங்கள் தொடர்வண்டியை மட்டும் கடத்தின. சில பாலங்கள் மாட்டுவண்டியையும் நடந்துசெல்வோரையும் சேர்த்தே கடத்தின. யாத்திரை வரலாற்றை எழுதுவோர் பாலம் திறக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பதோடு நின்றுவிடுகையில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. அவ்வேறுபாட்டை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் விளக்கம்

ஆற்றைக் கடத்தல் குறித்த தமிழ்ச் சொல்வளம் பெரிதும் கலங்களையும் துறைகளையும் சார்ந்தது. புணை, அம்பி, பஃறி, தோணி, ஓடம் முதலிய சொற்கள் சங்க இலக்கியம் தொட்டு வழங்கிவருவன. துறை என்பது இறங்கும் இடத்தையும் கடக்கும் இடத்தையும் ஒருங்கே குறித்தது. பாலம் என்னும் சொல் இன்று பொதுவழக்காக நிலைபெற்றுள்ளது. சென்னை வழக்கில் வாராவதி என்னும் சொல்லும் அதே பொருளில் வழங்கியது. வடசொல்லாகிய சேது, கரை, அணை, பாலம் என்னும் பொருள்களை உடையது. இராமநாதபுரம் மன்னர்கள் சேதுபதி எனப்பட்டமை, கடக்கும் வழியைக் காத்தலே ஆட்சியுரிமையின் அடையாளமாகக் கருதப்பட்டதைக் காட்டும்.

சாலையையும் இருப்புப்பாதையையும் சேர்த்துச் சுமக்கும் பாலத்திற்குத் தமிழில் ஒரு நிலைத்த பெயர் அமையவில்லை. நாளிதழ்கள் 'சாலையுடன் கூடிய ரயில் பாலம்' என விரித்துரைக்கின்றன. 'இணைப்புப் பாலம்' என்பது இரு சாலைகளையோ இரு ஊர்களையோ சேர்ப்பதைக் குறிக்க ஏற்கெனவே வழங்குகிறது. 'இரட்டைப் பாலம்' என்றால் அருகருகே நிற்கும் இரு பாலங்கள் என்றே பொருள்படும். ஆகவே இக்கட்டுரையில் கூட்டுப் பாலம் என்னும் சொல் ஆளப்படுகிறது. இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைக் குறிக்கப் பேச்சுவழக்கில் உள்ள 'கண்' என்னும் சொல்லே இங்கும் கொள்ளப்படுகிறது. பதின்மூன்று கண் பாலம் எனத் தென்மாவட்ட மக்கள் வழங்குவது இதற்குச் சான்று.

கூட்டுப் பாலங்கள் அமைப்பால் இரு வகைப்படும். முதலாவது ஒருதளப் பாலம். இதில் சாலைத் தளத்திலேயே தண்டவாளம் பதிக்கப்பட்டிருக்கும். தொடர்வண்டி வருகையில் ஏனையோர் இருமுனையிலும் காத்திருக்க வேண்டும். இலங்கையில் மகாவலி ஆற்றின்மீது 1922ஆம் ஆண்டு அமைந்த மன்னம்பிட்டிப் பழைய பாலம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பொலன்னறுவைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே பயணம் செய்த தமிழ் மக்கள் 2007ஆம் ஆண்டு புதிய சாலைப்பாலம் திறக்கப்படும் வரை பேருந்திலும் தொடர்வண்டியிலும் அந்த ஒரே பாலத்தையே கடந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிப் பழைய பாலமும் இவ்வகையினதே. இரண்டாவது ஈரடுக்குப் பாலம். இதில் ஒரு தளத்தில் தொடர்வண்டியும் மற்றொரு தளத்தில் சாலையும் அமையும். பிரயாகையில் யமுனையின் குறுக்கே 1865 ஆகஸ்டு 15ஆம் நாள் திறக்கப்பட்ட நைனிப் பாலத்தில் மேலே இருப்புப்பாதையும் கீழே சாலையும் உள்ளன. 200 அடி அகலமுடைய 14 கண்களைக் கொண்ட அப்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுடையது.

ஒருதளப் பாலத்தில் நேரம் பங்கிடப்படுகிறது, ஈரடுக்குப் பாலத்தில் இடம் பங்கிடப்படுகிறது. இவ்விரண்டும் இல்லாத தனித்த தொடர்வண்டிப் பாலத்தில் பங்கீடே இல்லை. இம்மூன்று நிலைகளையும் மனத்திற்கொண்டு யாத்திரை வழியை நோக்குதல் வேண்டும்.

பாலத்திற்கு முந்தைய காசி யாத்திரை

தொடர்வண்டி வருமுன் காசிப் பயணம் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிகழ்ந்தது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1820 முதல் 1822 வரை பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை மேற்கொண்டார். சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் எழுதிய காசி யாத்திரைச் சரித்திரம் 1838இல் தெலுங்கில் அச்சாயிற்று. பல்லக்கும் ஆட்களும் உடைய ஒருவருக்கே பதினைந்து மாதங்களுக்கு மேல் ஆயின என்றால், பொருள்வலிமையற்ற எளியோரின் நிலையை உய்த்துணரலாம்.

அந்தணர் திருமணச் சடங்கில் இடம்பெறும் 'காசி யாத்திரை' இந்தப் பழைய பயணத்தின் எச்சமாகும். மணமகன் குடையும் கைத்தடியும் பாதுகையும் கொண்டு புறப்படுகிறான். மூன்றுமே நடந்துசெல்வோனுக்கு உரிய பொருள்கள். தொடர்வண்டி வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் சடங்கு தன் நினைவில் நடைப்பயணியையே வைத்திருக்கிறது. யாத்திரைப் பாலங்களை மதிப்பிடுகையில் நடைப்பயணியை அளவுகோலாகக் கொள்வதற்கு இச்சடங்கே ஓர் அடிப்படையை நல்குகிறது.

காசி நகரின் நில அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரமும் படித்துறைகளும் மேற்குக் கரையில் மட்டுமே அமைந்துள்ளன. கீழ்க்கரை பெரும்பாலும் மணற்பரப்பு. கல்கத்தாவிலிருந்து மேற்கு நோக்கி வளர்ந்த கிழக்கிந்திய இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டு முகல்சராயை அடைந்தது. முகல்சராய் ஆற்றுக்கு அப்பால் உள்ளது. எனவே தொடர்வண்டியில் வந்திறங்கிய யாத்திரிகர் காசியைத் தொலைவில் கண்டும் ஆற்றைத் தனியே கடக்க வேண்டியவராயினர். ராஜ்காட் துறையில் நீர் குறைந்த மாதங்களில் படகுகளை இணைத்த மிதவைப் பாலமும், வெள்ளக் காலத்தில் ஓடமும் பயன்பட்டன. ஏறத்தாழ கால் நூற்றாண்டு இந்நிலை நீடித்தது.

டஃபரின் பாலத்தின் உருவாக்கம்

அவத்-ரோகில்கண்ட் இருப்புப்பாதை நிறுவனத்தார் ராஜ்காட்டில் நிலையான பாலம் கட்டும் பணியை 1880களில் மேற்கொண்டனர். பொறுப்பேற்ற தலைமைப் பொறியாளர் வால்டன். 1887ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலம் அன்றைய அரசப் பிரதிநிதி டஃபரினின் பெயரைப் பெற்றது. 350 அடி அகலமுடைய 7 கண்களும் 110 அடி அகலமுடைய 9 கண்களும் சேர்ந்து 3,440 அடி, அதாவது ஏறத்தாழ 1,048 மீட்டர் ஆகின்றன. ஆழமான நீரோட்டப் பகுதிக்குப் பெருங்கண்களும் கரையோரத்திற்குச் சிறுகண்களும் அமைக்கப்பட்டமையை இக்கணக்கு உணர்த்துகிறது.

கங்கைப் படுகையில் பாலம் கட்டுவோர் எதிர்கொண்ட இடர்ப்பாடு நீரின் அகலத்தைக் காட்டிலும் மணலின் ஆழமே. ஆற்றுப்படுகையில் பாறை எட்டும் தொலைவில் இல்லை. வெள்ளத்தின்போது தூணைச் சுற்றி நீர் சுழன்று மணலை அரித்துச் செல்லும். அரிப்பு எட்டும் ஆழத்திற்கும் கீழே தூண் ஊன்றப்படாவிடில் அது சாய்ந்துவிடும். இதற்குக் கையாளப்பட்ட முறை கிணற்று அடித்தளம் எனப்படும். கூரிய விளிம்புடைய வளையத்தின்மேல் உள்ளீடற்ற செங்கல் உருளை எழுப்பப்படும். உள்ளிருக்கும் மணலை அள்ளி வெளியேற்ற, உருளை தன் எடையாலேயே கீழிறங்கும். இறங்க இறங்க மேலே கட்டுமானம் உயர்த்தப்படும். தேவையான ஆழத்தை எட்டியதும் உட்பகுதி அடைக்கப்பட்டு அதன்மேல் தூண் நிறுத்தப்படும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இம்முறை புதிதன்று. கீழடி முதலிய அகழாய்வுகளில் வெளிப்பட்ட உறைகிணறுகளும், ஆற்று மணலில் உறை இறக்கிக் கிணறு தோண்டும் நாட்டுப்புறத் தொழில்நுட்பமும் இதே இயல்பின. நீர் பெறுவதற்காக மணலில் உறை இறக்கிய இந்தியத் தொழில்மரபே பின்னாளில் ஆற்றுப்பாலங்களின் அடித்தளமாக விரிவடைந்தது. ஐரோப்பிய இரும்பு உத்திரங்களை இந்திய ஆறுகளில் தாங்கி நிற்பது உள்நாட்டு உறைமுறையின் வளர்ச்சியே எனில் மிகையாகாது.

இந்த அடித்தளமே கூட்டுப் பாலம் தோன்றியதற்கான பொருளியல் காரணத்தையும் விளக்குகிறது. இத்தகைய ஆறுகளில் செலவின் பெரும்பங்கு தூண்களை ஊன்றுவதிலேயே அடங்கும். ஒருமுறை தூண் நின்றபின் அதன்மேல் தொடர்வண்டியோடு சாலையையும் ஏற்றுவதற்கு ஆகும் கூடுதல் செலவு, சாலைக்கெனத் தனிப்பாலம் கட்டுவதைவிடக் குறைவு. மேலும் வங்காளத்தையும் வடமேற்கையும் இணைத்த பெருநெடுஞ்சாலை ராஜ்காட்டிலேயே கங்கையைக் கடந்தது. படைகளும் சரக்குகளும் செல்லும் அச்சாலைக்கு ஆண்டு முழுவதும் இடையறாத வழி தேவைப்பட்டது. நடந்துவரும் யாத்திரிகரின் நலன் கருதிச் சாலை சேர்க்கப்பட்டதாகக் கொள்ள இடமில்லை. நெடுஞ்சாலைக்கென அமைந்த வழியில் யாத்திரிகரும் பயன்பெற்றனர் என்பதே பொருத்தமாகும்.

தொடக்கத்தில் ஒற்றைத் தடமாக இருந்த இருப்புப்பாதை பின்னர் இரட்டைத் தடமாக்கப்பட்டது. இன்று கீழ்த்தளத்தில் தொடர்வண்டிகளும் மேல்தளத்தில் சாலை ஊர்திகளும் செல்கின்றன. 1948ஆம் ஆண்டு, காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன் மாளவியாவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. பெயர் மாற்றம் ஆட்சி மாற்றத்தைக் குறித்தது. மக்கள் வழக்கிலோ ராஜ்காட் பாலம் என்னும் இடப்பெயரே மேலோங்கி நிற்கிறது. துறைப்பெயர் பாலத்தின் பெயராகித் தொடர்வது கவனத்திற்குரியது.

பாலத்தின் மேற்கு முனை பழங்காசி நகரம் இருந்த மேட்டைத் தொட்டு நிற்கிறது. 1940ஆம் ஆண்டையொட்டிக் காசித் தொடர்வண்டி நிலையத்தின் விரிவாக்கத்திற்காக மண் தோண்டியபோது பழம்பொருள்கள் பல வெளிப்பட்டன. அதனைத் தொடர்ந்து தொல்லியல் துறையும் பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகமும் அங்கு அகழாய்வுகள் நடத்தின. காசியின் தொன்மை குறித்த அறிவியல் சான்றுகள் பாலத்தையொட்டிய பணியால் வெளிவந்தன என்பதும், அதே பணி மேட்டின் ஒரு பகுதியைச் சிதைத்தது என்பதும் ஒருங்கே ஏற்கத்தக்க உண்மைகளாகும்.

கோதாவரி: அதே பொறியாளர், வேறு பாலம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாகக் கல்கத்தா சென்று காசியை அடைவோருக்குக் கோதாவரி பெருந்தடையாக இருந்தது. இராஜமகேந்திரவரத்தில் அவ்வாற்றின் குறுக்கே பாலம் கட்டும் பணி 1897 நவம்பரில் தொடங்கி 1900 ஆகஸ்டில் நிறைவுற்றது. 56 கண்களையுடைய இந்த ஹாவ்லாக் பாலத்தைக் கட்டும் பொறுப்பும் காசிப் பாலத்தைக் கட்டி முடித்த வால்டனிடமே ஒப்படைக்கப்பட்டது. கங்கையில் பெற்ற பட்டறிவு கோதாவரிக்குக் கொண்டுவரப்பட்டது.

எனினும் ஹாவ்லாக் பாலம் தொடர்வண்டிக்கு மட்டுமே உரியதாக அமைந்தது. பொறியாளர் ஒருவரே, ஆறும் ஒத்த பெருமையுடையதே, ஆயினும் பாலத்தின் தன்மை வேறாயிற்று. ஆகவே கூட்டுப் பாலம் அமைவதும் அமையாததும் தொழில்நுட்ப அறிவைப் பொறுத்தன அல்ல, ஆள்வோரும் நிறுவனங்களும் எப்போக்குவரத்துக்கு முதன்மை அளித்தனர் என்பதைப் பொறுத்தன எனத் துணியலாம். இராஜமகேந்திரவரத்தில் சாலையும் இருப்புப்பாதையும் கூடிய ஈரடுக்குப் பாலம் 1974ஆம் ஆண்டே திறக்கப்பட்டது. அதன் சாலைப்பகுதி 4 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அதுவரை முக்கால் நூற்றாண்டு, சாலைவழி வந்தோர் அவ்விடத்தில் தொடர்வண்டி கடப்பதைக் கரையில் நின்று காணும் நிலையிலேயே இருந்தனர். ஹாவ்லாக் பாலம் 1997இல் பணி ஓய்வு பெற்றது.

பாம்பன்: யாத்திரையின் தென்முனை

மண்டபத்தை அடுத்த தோணித்துறை என்னும் இடப்பெயர், பெருநிலத்திலிருந்து இராமேசுவரம் தீவிற்குத் தோணியில் சென்ற காலத்தை நினைவூட்டுகிறது. அக்கடற்காலின் குறுக்கே 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் இரும்புக் கண்ணும் உடைய அப்பாலம் தொடர்வண்டிக்கு மட்டுமே உரியது. தனுஷ்கோடி வரை தொடர்வண்டியிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் செல்லும் இலங்கைப் போக்குவரத்தே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. தீவில் தொடர்ந்து செல்லத்தக்க பெருஞ்சாலை எதுவும் அப்போது இல்லாமையால் சாலைத்தளம் சேர்க்கும் தேவை எழவில்லை எனக் கருதலாம்.

இதன் விளைவை 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் வெளிப்படுத்தியது. பாலத்தின் இரும்பு உத்திரங்கள் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது பெரும் சாதனையாகவே போற்றப்படுகிறது. ஆயின் அந்நாட்களில் தீவுக்கு நிலவழி ஏதும் இல்லை. யாத்திரிகரும் தீவுமக்களும் மீண்டும் தோணிக் காலத்திற்குத் தள்ளப்பட்டனர். 1988 அக்டோபர் 2ஆம் நாள் தனிச் சாலைப்பாலம் திறக்கப்பட்ட பின்னரே நடந்தும் ஊர்தியிலும் இராமேசுவரம் செல்வது இயல்வதாயிற்று. 2022 டிசம்பரில் பழைய தொடர்வண்டிப் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரை தீவு துண்டிக்கப்படாமல் இருந்தமைக்குச் சாலைப்பாலமே காரணம்.

காசியில் 1887இலேயே நடைப்பயணி பாலத்தின் வழி கங்கையைக் கடக்க முடிந்தது. இராமேசுவரத்தில் அதே உரிமை 1988இலேயே கிட்டியது. ஒரே யாத்திரையின் இரு முனைகளுக்கும் இடையே 101 ஆண்டுகள் இடைவெளி உள்ளது. யாத்திரையைத் தொடர்வண்டி எளிதாக்கியது என்னும் பொதுக்கூற்றை இவ்விடைவெளியோடு சேர்த்தே ஏற்க வேண்டும்.

இலக்கியத்தில் பாலமும் வீதியும்

டஃபரின் பாலம் எழுந்த காலத்துச் சூழலில் தோன்றிய ஆங்கிலப் படைப்பு ருட்யார்ட் கிப்ளிங்கின் 'பாலம் கட்டுவோர்' என்னும் பொருள்படும் தலைப்புடைய கதை. 1893இல் வெளிவந்து 1898இல் தொகுப்பில் இடம்பெற்ற அக்கதையின் களம் கங்கைமீது கட்டப்படும் 'காசிப் பாலம்'. அதில் வரும் பாலத்தில் இருப்புப்பாதையும் அதன்மேல் மாட்டுவண்டிச் சாலையும் இருபுறமும் நடைபாதைகளும் உள்ளன. வெள்ளத்தால் சீறும் கங்கையும் தெய்வங்களும் கூடி வழக்காடுகின்றனர். தொடர்வண்டி யாத்திரிகரை மிகுதியாகக் கொண்டுவருவதால் கோயில்கள் செழிக்கும் என்னும் கருத்தும் அவ்வழக்கில் எழுகிறது. கதையின் நோக்கு கட்டுவோரின் நோக்காகவே உள்ளது. கடப்போர் அதில் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர்.

பாரதி 1898 முதல் 1902 வரை காசியில் அனுமன் காட்டில் வாழ்ந்தார். அவர் காசிக்கு வந்தபோது டஃபரின் பாலத்திற்கு அகவை பதினொன்று. கோதாவரிப் பாலம் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பாம்பன் பாலம் இன்னும் எழவில்லை. ஆகவே பாலங்களால் நாடு இணைக்கப்பட்டுவந்த காலத்தின் நடுவே, அவ்விணைப்பின் வடமுனையில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர் எனலாம். 'பாரத தேசம்' என்னும் பாடலில் சிங்களத் தீவுக்குப் பாலம் அமைத்தலும், சேதுவை உயர்த்தி வீதி செய்தலும், காசியின் பேச்சைக் காஞ்சியில் கேட்கக் கருவி செய்தலும் நாட்டுப்பணிகளாகக் கூறப்படுகின்றன.

சேதுவின்மேல் அவர் வேண்டியது வீதி என்பது நுணுகி நோக்கத்தக்கது. வீதி என்பது எல்லாரும் நடக்கும் வழி. தேர் செல்வதும் திருவிழாக் கூட்டம் செல்வதும் வீதியில்தான். சீட்டும் கால அட்டவணையும் வேண்டும் இருப்புப்பாதையை அச்சொல் குறிப்பதில்லை. பாரதி பொறியியல் வேறுபாட்டைக் கருதியே அச்சொல்லை ஆண்டார் என நிறுவ இயலாது. ஆயினும் 1914இல் சேதுவின் பக்கம் வந்தது இருப்புப்பாதை, 1988இல் வந்ததே வீதி என்னும் வரலாற்று வரிசையோடு வைத்துப் படிக்கையில் அச்சொல்லின் பொருள் ஆழம் பெறுகிறது.

துறையிலிருந்து தண்டவாளம் வரை: சடங்கின் இடப்பெயர்ச்சி

கடத்தல் என்பது யாத்திரையில் வெறும் பயணச் செயல் அன்று, புனித எல்லையில் நுழையும் தருணமும் ஆகும். ஓடத்தில் கடந்தவர் நீரைத் தொட்டு, தலையில் தெளித்து, பின்னரே கரையேறினார். பாலம் வந்தபின் நீருக்கும் பயணிக்கும் இடையே உயரமும் இரும்புச் சட்டமும் வந்தன. தொடர்வண்டி கங்கையைக் கடக்கையில் பயணியர் சாளரத்தின் வழி நாணயம் எறிந்து கைகூப்புவது இம்மாற்றத்திற்கு மக்கள் கண்ட விடையாகும். தொடுதலின் இடத்தை எறிதல் ஏற்றுள்ளது. முகல்சராய்ப் பக்கமிருந்து வரும் வண்டி பாலத்தில் ஏறியதும் இடப்புறம் விரியும் படித்துறைகளின் வளைவே பலருக்குக் காசியின் முதற்காட்சி. பழைய யாத்திரிகருக்குத் துறை காசியின் வாயிலாக இருந்தது. பின்வந்தோருக்குப் பாலமே வாயிலாயிற்று.

இன்றைய நிலை

கூட்டுப் பாலம் குறையற்றதெனக் கொள்ளுதல் தவறு. ஒரே தூண்வரிசை இரு போக்குவரத்தையும் சுமப்பதால், பழுதுபார்ப்பு ஒன்று இரண்டையும் பாதிக்கும். சாலைத்தளத்தின் அகலம் முதலில் கட்டிய அளவைக் கடந்து எளிதில் விரிவதில்லை. 2016 அக்டோபர் 15ஆம் நாள் சமயக் கூட்டமொன்றிற்குச் சென்ற பெருந்திரள் ராஜ்காட் பாலத்தில் நெருக்குண்டு குறைந்தது 24 பேர் உயிரிழந்தனர். மாட்டுவண்டிக் காலத்து அளவில் அமைந்த வழியில் இக்காலக் கூட்டமும் ஊர்திகளும் ஒருசேர நுழைந்தமையின் ஆபத்தை அது உணர்த்தியது. நடந்துவந்தோரே அதில் மாண்டனர். நடைப்பயணிக்கு வழி உண்டு என்பது மட்டும் போதாது, போதிய வழி உண்டா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

2024 அக்டோபரில் நடுவண் அமைச்சரவை 2,642 கோடி ரூபாய் மதிப்பிலான வாராணசி-தீனதயாள் உபாத்தியாய சந்திப்புக் கூடுதல் தடத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. முகல்சராய் சந்திப்பின் இன்றைய பெயரே தீனதயாள் உபாத்தியாய சந்திப்பு. மாளவியா பாலத்தின் அருகே, கீழே நான்கு இருப்புப்பாதைத் தடங்களும் மேலே ஆறு தடச் சாலையும் கொண்ட புதிய கூட்டுப் பாலம் அத்திட்டத்தின் பகுதியாகும். தடங்களின் எண்ணிக்கை தெளிவாக அறிவிக்கப்படும் இத்தகைய திட்டங்களில் நடைபாதையின் அகலமும் அதே அளவு முதன்மையுடன் பேசப்படுதல் வேண்டும். குடையும் தடியும் பாதுகையும் கொண்ட பயணியை நினைவில் வைத்திருக்கும் பண்பாட்டிற்கு இக்கேள்வியை எழுப்பும் உரிமை உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தமிழர் காசி யாத்திரை வழியில் அமைந்த பாலங்கள் ஒரே தன்மையன அல்ல. காசிப் பாலம் (1887) தொடக்கம் முதலே சாலையையும் சேர்த்துச் சுமந்தது. கோதாவரியில் 1974 வரையிலும் பாம்பனில் 1988 வரையிலும் சாலைவழி இல்லை.

2. இவ்வேறுபாட்டிற்குத் தொழில்நுட்பம் காரணமன்று. காசிப் பாலத்தைக் கட்டிய வால்டனே கோதாவரிப் பாலத்தையும் கட்டினார். பெருநெடுஞ்சாலை, படை, இலங்கைப் போக்குவரத்து ஆகிய தேவைகளே தள அமைப்பைத் தீர்மானித்தன.

3. கிணற்று அடித்தள முறை உள்நாட்டு உறைகிணற்று மரபின் தொடர்ச்சியாகும். ஆழமான அடித்தளத்தின் செலவே கூட்டுப் பாலத்தைப் பொருளியல் நோக்கில் ஏற்புடையதாக்கியது.

4. திருமணத்தில் காசி யாத்திரைச் சடங்கு, தொடர்வண்டியிலிருந்து நாணயம் எறிதல், தோணித்துறை, ராஜ்காட் பாலம் முதலிய பெயர்கள், பாரதி ஆண்ட 'வீதி' என்னும் சொல் ஆகியவை கடக்கும் முறை மாறிய வரலாற்றைத் தம்முள் காத்துவைத்துள்ளன.

பாலத்தைப் பற்றிய குறிப்பு ஒன்று யாத்திரை நூலிலோ கடிதத்திலோ கிடைக்குமாயின், அது எந்த ஆண்டுப் பாலம் என்பதோடு, எழுதியவர் அதன் எந்தத் தளத்தில் நின்றார், வண்டியில் இருந்தாரா, நடந்தாரா, காத்திருந்தாரா என்பதையும் சேர்த்து வினவுதல் பயனளிக்கும். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பயண இலக்கியத்தை இவ்வினாவோடு மீளப் படிப்பது தொடர்ந்து செய்யத்தக்க ஆய்வாகும்.